அலையில் காலத்தை எந்தப் பக்கம் எழுதுவது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மூன்று நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கப்பா-மின்கோவ்ஸ்கி காலவெளி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் இடத்தையும் காலத்தையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறும். அந்த வித்தியாசத்தின் அளவைச் சொல்லும் மாறிலி லாம்டா. அது ஏறக்குறைய பிளாங்க் நேரம் (இயற்பியலில் வரும் மிக மிகச் சிறிய கால அளவு) என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு சமதள அலையை எழுதும்போதே, காலப் பகுதியை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சரி, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். நிறையில்லாத துகளுக்கு ஒரு வரிசையில் குழுத் திசைவேகம் (அலைத்தொகுப்பு நகரும் வேகம்) லாம்டா பெருக்கல் ஒமேகாவின் (அலையின் கோண அதிர்வெண்) அடுக்குக்குறியாக ஏறுகிறது. மற்றதில் அதே அளவு இறங்குகிறது. காலத்தைப் பாதிப் பாதியாக இருபுறமும் பிரித்து வைத்தாலோ, லாம்டாவின் முதல்படித் திருத்தமே காணாமல் போய், இரண்டாம்படிதான் மிஞ்சுகிறது! நோட்டில் மூன்று விடை, மூன்றிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

இது வெறும் குறியீட்டுச் சண்டை என்று விட்டுவிடவும் மனமில்லை. வேகம் ஆற்றலோடு மாறினால், தொலைவிலிருந்து வரும் ஒளி வந்துசேரும் நேரத்தில் அது தெரிய வேண்டும். 2009 மே 10 அன்று வந்த காமா வெடிப்பில், சுமார் 730 கோடி ஒளியாண்டு கடந்து வந்த 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானை ஃபெர்மி தொலைநோக்கி பதிவு செய்தது. தாமதம் ஒரு நொடிக்குள்தான். முதல்படித் திருத்தத்துக்கு அது கடுமையான வரம்பு. அப்படியானால் அந்த வரம்பு என்னுடைய எந்த விடைக்குப் பொருந்தும்?

அப்புறம், இரண்டு அலைகளைக் கூட்டி உறையை (அலைத்தொகுப்பின் வெளிவடிவம்) பிரித்தெடுக்கும்போது அதை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? உந்தத்தின் வரையறையே வரிசையோடு மாறுகிறதோ என்று ஒரு சந்தேகம். யாராவது இரண்டு வரி எழுதிக் காட்டினால் போதும், மீதியை நானே போட்டுக்கொள்கிறேன்.