கோடாலி கூரா இருந்தாத்தான் குண்டு பிளக்குமா?

கரிப்புகை:
போன வாரம் நம்ம குழுவுல, பழைய மாதிரி துப்பாக்கியால சுட வீட்டுலயே செய்யுற இலக்குகளைப் பத்திப் பேசிட்டு இருந்தப்ப கென்டக்கி வாத்தியார் ஒரு வரி எழுதினார்: "கோடாலி விளிம்பு கூராக இல்லாவிட்டால் ஈயக்குண்டு பிளக்காது. இரண்டு தட்டும் உடைந்தால் அது சிதறல், பிளவு கிடையாது." படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே இல்ல.

எட்டு வருஷமா இதைச் செய்யுறேன். முழங்கால் உயர மரக்கட்டை. அதுல இரட்டை வாய்க் கோடாலியை, ஒரு வாய் சுடுறவரைப் பார்க்கிற மாதிரி இறக்கிடுவேன். ரெண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் பக்கத்துக்கொரு களித்தட்டு, அதான் பட்டா நொறுங்குற இலக்குத் தட்டு. 25 கெஜத்துல நின்னு சுடணும். குண்டு விளிம்புல பட்டா ரெண்டாப் பிளந்து ரெண்டு தட்டையும் எடுக்கும். என் கோடாலி பழைய சாமான் சந்தையில வாங்கினது, துரு ஏறினது. அதை வச்சு வாழைத்தண்டு கூட நறுக்க முடியாது. போன மாசம் மட்டும் ஏழு தடவை ரெண்டு தட்டும் போச்சு. வாத்தியார் பதில் சொல்லட்டும்.

கென்டக்கி வாத்தியார்:
தம்பி, சொன்னதையேதான் சொல்கிறேன். இரண்டு தட்டு உடைந்தால் குண்டு பிளந்தது என்று ஆகிவிடாது. ஈயம் இரும்பில் மோதினால் நாலா பக்கமும் பிய்ந்து தெறிக்கும். தட்டு உடைய ஒரு துணுக்கு போதும். மொக்கைக் கோடாலியில் குண்டு நசுங்கும். பிளக்காது.

புதுசா வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய மாதிரி துப்பாக்கின்னு எதைச் சொல்றீங்க? அமெரிக்கச் சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சதுன்னு இருக்கு. இப்போ செஞ்சாலும் குழல் வாய் வழியா வெடிமருந்து இடிக்கிறதெல்லாம் இதுல சேருமா? நான் கேப் (தட்டினா பொறி விடுற சின்ன மூடி) வச்சுச் சுடுற ஒன்னு இப்பத்தான் வாங்கினேன். வீட்டுல கிடக்கிற சாமானை வச்சு என்ன இலக்கு செய்யலாம்?

கரிப்புகை:
நசுங்குமா வாத்தியாரே? என் துப்பாக்கிக்குப் போடுற குண்டு ஒன்னு 11.5 கிராம். ஞாயித்துக்கிழமை சுட்டு முடிச்சதும் கட்டைக்குப் பின்னால மண்மேட்டைக் கிளறி ரெண்டு துண்டு எடுத்தேன். ஒன்னு 6 கிராம், இன்னொன்னு 4.5. வெளிப்பக்கம் கறுத்து, பாதி உருண்டையா இருக்கு. குண்டைச் சுத்தி வைக்கிற துணியோட நெசவுத் தடம் கூட விரல்ல தட்டுப்படுது. உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குது. என் கோடாலி வாயில ஒரு பல் போயிருக்கு, அந்தப் பல்லோட கோடு அந்த மினுக்கத்துல அப்படியே பதிஞ்சிருக்கு. நசுங்கின குண்டுக்கு இப்படி ஒரு முகம் இருக்குமா?

கென்டக்கி வாத்தியார்:
6-ம் 4.5-ம் சமமா? மிச்சம் ஒரு கிராம் எங்கே? அதுதான் நான் சொன்ன சிதறல். கூரான கோடாலி என்றால் பாதிக்குப் பாதி வந்திருக்கும். தராசில் வைத்து என் பேச்சை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். மிக்க நன்றி.

டெக்சாஸ் காளை:
இதுக்கா இத்தனை சண்டை? நான் காலி பீர் பாட்டிலை வரிசையா தொங்கவிட்டுச் சுடுறேன். உடையுற சத்தம் இருக்கே, அதுதான்யா சுகம்!

விராஜ்பேட்டைக்காரி:
கண்ணாடி வேண்டவே வேண்டாம் தம்பி. சில்லு மண்ணுக்குள்ள போனா போனதுதான், பத்து வருஷம் கழிச்சு ஒரு பிள்ளை காலைக் கிழிக்கும். பாறை, கெட்டி இரும்பு மேலயும் கிட்ட நின்னு சுடாதீங்க, ஈயம் திரும்பி வரும்.

எங்கப்பா குடகுல காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. செப்டம்பர் தொடக்கத்துல கைல்போல்துன்னு குடகர்களோட ஆயுதத் திருவிழா வரும். ஆயுதத்தையெல்லாம் வச்சுக் கும்பிட்டு, துப்பாக்கி வாயில செங்காந்தள் பூ செருகுவாங்க. அந்தப் பூவுக்கு அங்க பேரே துப்பாக்கிப் பூ. அப்புறம் உசந்த மரத்துல தேங்காயைக் கட்டிச் சுடுவாங்க. பட்டா தண்ணி கொட்டும். பட்டுச்சா படலையான்னு ஒருத்தரும் தராசு தூக்க வேண்டாம்.

கரிப்புகை:
அக்கா, தேங்காய் நல்ல இலக்குதான், ஆனா பேச்சு அது இல்ல. காளை, பாட்டிலைப் பத்தி நீ பேசாதே. போன வருஷம் நீ சுட்டுட்டுப் போன இடத்துல நானும் என் பையனும் குனிஞ்சு குனிஞ்சு சில்லு பொறுக்கினோம். என்கிட்ட வாங்கிட்டுப் போன குண்டு ஊத்துற அச்சும் இன்னும் வீடு வந்து சேரல.

வாத்தியாரே, விஷயத்துக்கு வாங்க. குண்டு நட்டநடுவுல பட்டாத்தான் சமமாப் பிளக்கும். ஒரு நூல் இடது பக்கம் தள்ளிப் பட்டா இடது துண்டு பெருசு. அது என் கைக் குறை, கோடாலியோட குறை இல்ல. சுத்த ஈயம் நகத்தால கீறினாலே கோடு விழுற சாமான். அதைப் பிளக்கக் கூர் எதுக்கு? நீங்க ஊத்துற குண்டு பழைய கார்ச் சக்கர எடைக்கட்டியை உருக்கினது, ஆன்டிமணி கலந்தது, கெட்டி. அதான் உங்களுக்குப் பிளக்கல.

டெக்சாஸ் காளை:
அச்சைத் தந்தாச்சு. உங்க வண்டி டிக்கியில நானே வச்சேன். ஊர் பார்க்க ஏன் அசிங்கப்படுத்துறீங்க?

கரிப்புகை:
டிக்கியில இல்ல.

கென்டக்கி வாத்தியார்:
என் ஈயத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற ஊரில், 1933-இல் தொடங்கிய நேஷனல் மஸில் லோடிங் ரைபிள் அசோசியேஷன் (குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்காரர்களின் சங்கம்) திடலில் நின்று சுட்டவன் நான். பறவை ஓவியர் ஆடுபான், அந்தக் காலத்தில் கென்டக்கியில் தான் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். பலகையில் அரைகுறையாக அடித்த ஆணியைக் குண்டாலேயே இறக்குவார்கள். எரியும் மெழுகுவத்தியின் திரி நுனியை, சுடர் அணையாமல் கத்தரிப்பார்கள். அது திறமை. மொக்கைக் கோடாலியில் ஈயத்தைச் சிதறவிடுவது திறமை ஆகாது.

கரிப்புகை:
ஆணித் தலை கூரா, மொக்கையா? அதை மட்டும் சொல்லுங்க.

அப்புறம் அந்தக் காலத்து மாட்டுப் பந்தயத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒரு மாட்டைப் பங்கு போட்டுப் பரிசா வைப்பாங்க. பலகையை நெருப்புல கருக்கி, நடுவுல துளி வெள்ளைக் காகிதம் ஒட்டிட்டா இலக்கு தயார். எவன் குண்டு நடுவுக்குக் கிட்ட இருக்குன்னு நூல் வச்சு அளப்பாங்க. பின்னால மரத்துல புதைஞ்ச ஈயம் கூட ஒரு பரிசு. தோண்டி எடுத்து உருக்கித் திரும்பக் குண்டு ஊத்துவாங்க. ஏழை சனங்க கையில இருந்ததை வச்சு விளையாடின விளையாட்டு இது. அவங்க கோடாலி சாணை பிடிச்சதா, பிடிக்காததான்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

புதுசா வந்தவன்:
அண்ணே, கருக்கின பலகை நல்லா இருக்கே. எத்தனை கெஜத்துல வைக்கணும்?

கென்டக்கி வாத்தியார்:
இன்னொன்றும் கேட்கிறேன். ஏழு தடவை தட்டு உடைத்தீர்களே, அந்தத் துண்டுகளைப் பொறுக்கினீர்களா? பெயரில் மட்டும்தான் களி. உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல் தூளும் தார் போன்ற கீலும். பக்கத்துப் பண்ணையில் பன்றி மேய்கிறது. அந்தக் கீல் பன்றிக்கு விஷம்.

கரிப்புகை:
பொறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் பொறுக்குறேன். கோடாலியில பதில் இல்லைன்னதும் பன்னிக்குப் போயிட்டீங்க.

விராஜ்பேட்டைக்காரி:
பன்னியும் பிழைக்கணும், நீங்களும் சுடணும்னா ஐஸ் தட்டு செய்யுங்க. டிபன் டப்பா மூடியில விரல் கனத்துக்குத் தண்ணி ஊத்தி, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு உறைய வச்சாப் போதும். பனிப்பெட்டியில வச்சுத் திடலுக்குக் கொண்டு போங்க. அடிச்சா கண்ணாடி மாதிரி நொறுங்கும், சாயங்காலம் மண்ணுல ஒன்னும் மிஞ்சாது. தம்பி, கருக்கின பலகையை முதல்ல 25 கெஜத்துலயே வையுங்க. உங்க கேப் துப்பாக்கி எங்க அடிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு தள்ளிப் போகலாம். பின்னால மண்மேடு இல்லாத இடத்துல மட்டும் வச்சுடாதீங்க.

டெக்சாஸ் காளை:
ஜூலை மாசம் டெக்சாஸ் வெயில்ல ஐஸ் தட்டா! மருந்து இடிச்சு, துணி வச்சு, குண்டு இறக்கி நிமிர்றதுக்குள்ள உங்க இலக்கு ஓடிப்போயிரும்க்கா.

விராஜ்பேட்டைக்காரி:
அதுக்கு உன் கை வேகம் பத்தல. எங்கப்பா காலத்து ஆளுங்க நிமிஷத்துக்குள்ள இடிப்பாங்க.

டெக்சாஸ் காளை:
தந்த அச்சைத் தரலைன்னு ஒருத்தர், கை வேகம் இல்லைன்னு இன்னொருத்தர். நல்லா இருக்கு நியாயம்.

கென்டக்கி வாத்தியார்:
கடைசியாகச் சொல்கிறேன். சாணை பிடித்த கோடாலியில் பட்ட குண்டின் இரண்டு பாதியையும் தராசில் வைத்து, சமம் என்று காட்டுங்கள். அதுவரை அது சிதறல்தான்.

கரிப்புகை:
சாணை பிடிச்சுக் காட்டினா என் பேச்சு எப்படி நிரூபணம் ஆகும் வாத்தியாரே? மொக்கைக் கோடாலியிலதான் காட்டுவேன், அதுதானே வழக்கே. வர்ற சனிக்கிழமை திடலுக்கு வாங்க. அதே கட்டை, அதே துரு, 25 கெஜம். ஈயமும் நானே தர்றேன், சுத்த ஈயம். நீங்களே உங்க கையால சுடுங்க.

கென்டக்கி வாத்தியார்:
அரத்தோடு வருகிறேன். நான் தீட்டிய பிறகுதான் சுடுவேன்.

கரிப்புகை:
என் கோடாலியில யாரும் அரம் வைக்கக் கூடாது.

டெக்சாஸ் காளை:
சனிக்கிழமை நானும் வர்றேன். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்க.