ஸ்டுடியோ மியூசியம் - பி.எஸ்.1 கண்காட்சிகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது நியூயார்க்கில், ஜாக்சன் ஹைட்ஸில் குடியிருக்கிறேன். 2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 7ஆம் ரயில் பிடித்து, கோர்ட் ஸ்கொயரில் இறங்கி, மோமா பி.எஸ்.1 என்ற கலைக்கூடத்துக்குப் போனேன். பி.எஸ். என்றால் பப்ளிக் ஸ்கூல். பேரே சொல்லிவிடும், அது பழைய பள்ளிக்கூடம். செங்கல் கட்டடம், அகலமான மாடிப்படி, வகுப்பறைகள்தான் கண்காட்சி அறைகள். நியூயார்க்கில் கறுப்பின மக்களின் பேட்டையான ஹார்லெமில் இருக்கும் ஸ்டுடியோ மியூசியம் ஒவ்வோர் ஆண்டும் சில இளம் கறுப்பினக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வேலை செய்ய இடம் தருகிறது. அந்த ஆண்டுக் கலைஞர்களின் படைப்புகள்தான் இங்கே இருந்தன.

க்வாலீஷா வுட் என்பவரின் துணி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை மாதிரி இருக்கிறது. திறந்து கிடக்கும் ஜன்னல்கள், நடுவில் அவர் தன்னையே எடுத்துக்கொண்ட படம், தலையைச் சுற்றி மாதா படங்களில் வருவது போல ஒளிவட்டம். கிட்டே போகப் போக முகம் கலைந்து நூலாகிறது. அதன்மேல் கையால் தைத்த கண்ணாடி மணிகள். ஜக்கார்டு நெசவு! எங்கள் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்குமே, அதே ஜக்கார்டு. அதில் ஓடும் டிசைன் அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் கிடக்கும். யானையும் அன்னப்பட்சியும் முந்தானையில் அப்படித்தான் வருகின்றன. கிழிந்த அட்டைகளை ஒட்டிக் காயவைப்பது சின்ன வயதில் என் வேலை. அந்த வேலையிலிருந்து வந்த ஒரு பொருள் மியூசியச் சுவரில் தொங்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "பின்பக்கம் பாத்தியாம்மா?" என்று கேட்டார். நெசவாளி முதலில் கேட்கிற கேள்வி அதுதான். சுவரோடு ஒட்டியிருந்ததால் பார்க்க முடியவில்லை என்றேன்.

உங்களில் யாராவது இந்தக் கண்காட்சிகளைப் பார்த்திருந்தால், அங்கே உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்களேன்.

*

அக்கா, நான் ஹார்லெமில் நான்கு வருடம் இருந்தவன். ஸ்டுடியோ மியூசியத்தின் பழைய கட்டடம் 125ஆம் தெருவில், அப்பல்லோ தியேட்டரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். 2018இல் புதிதாகக் கட்டுவதற்காக மூடினார்கள். அதனால்தான் 2019இலிருந்து ஆண்டுக் கண்காட்சி பி.எஸ்.1-க்குப் போனது. இல்லாவிட்டால் மூடியிருந்த ஏழு வருடத்தில் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு, முடிவில் காட்ட ஒரு சுவர் கிடைத்திருக்காது. ஒரு மியூசியத்தின் வாசல் மூடியிருக்கும்போது இன்னொரு மியூசியம் தன் அறைகளைத் திறந்துவிட்டது. இது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

மூடுவதற்கு முன் ஒருமுறை, கலைஞர்கள் வேலை செய்யும் அறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில் போயிருந்தேன். டர்பன்டைன் வாசம். தரையெல்லாம் பெயின்ட். ஓர் அறையில் முடியாத ஓவியம், அதில் கை மட்டும் வரைந்திருந்தது. பக்கத்துத் தெருவில் துணி விற்கும் ஒரு அம்மா எனக்கு முன்னால் நின்று, அந்தக் கை யாருடையது என்று கலைஞரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கலைஞரும் அவரை உட்காரவைத்துப் பதில் சொன்னார். பேரிலேயே 'ஸ்டுடியோ' ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 1968இல் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மதுக்கடைக்கு மேல் மாடியில் தொடங்கியபோதே, கலைஞர்கள் மியூசியத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற யோசனை இருந்தது. வில்லியம் டி. வில்லியம்ஸ் என்ற ஓவியர் சொன்ன யோசனை அது. வழக்கமாக மூன்று பேர், பதினொரு மாதம். கையில் உதவித்தொகை, பூட்டிக்கொள்ள ஓர் அறை, வாசலில் ஹார்லெம்.

ஊர் எப்படி வேலைக்குள் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். ஓவியர் கெஹிண்டே வைலி 2001-02இல் அங்கே இருந்தபோது, போலீஸ் ஒரு கறுப்பின இளைஞனைப் பிடித்து எடுத்த படமுள்ள தாள் ஒன்று தெருவில் கிடந்தது. அதைக் கையில் எடுத்தவர், இந்த முகத்தை வேறு எப்படி வரையலாம் என்று யோசித்தார். அங்கேதான் அவருடைய உருவப்படங்களுக்கான வழி திறந்தது. பின்னால் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தை வரைந்தவரும் அவர்தான். டேவிட் ஹேமன்ஸ், கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், ஜூலி மெஹ்ரெட்டு, சிமோன் லீ என்று அந்த அறைகளில் இருந்துவிட்டுப் போனவர்களின் பட்டியல் நீளம்.

*

நான் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்தத் திட்டம் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு, ஆப்ரோ-லத்தீன் கலைஞர்களுக்கு. என் மகள் ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு இரண்டு வருடமாக கேலரி கேலரியாக ஏறி இறங்குகிறாள். ஓரிடத்தில் அவளுடைய கோலப் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாக இருந்தால் விற்கும்" என்றார்களாம். அன்று இரவு சாப்பிடவில்லை. நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டாமா?

*

உங்கள் மகளுக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது, அம்மா. ஆனால் இந்த இடம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1969இல் நியூயார்க்கின் பெரிய மியூசியமான மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஹார்லெமைப் பற்றியே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. சுவர் முழுக்க ஹார்லெமின் புகைப்படங்கள். ஆனால் ஹார்லெமில் வரைந்துகொண்டிருந்த கறுப்பின ஓவியர்கள், சிற்பிகள் ஒருவரின் படைப்பும் இல்லை. கலைஞர்கள் பதாகை பிடித்து வாசலில் நின்று போராடினார்கள். அப்படிப்பட்ட காலத்தில், அதற்கு முந்தைய ஆண்டே, யாரும் தராத இடத்தைக் கலைஞர்களும் அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து கட்டிக்கொண்டார்கள். அதில் நமக்குப் பங்கு கேட்பதைவிட, எப்படிக் கட்டினார்கள் என்று கற்றுக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். 2005இல் க்வீன்ஸ் மியூசியத்தில் தெற்காசிய அமெரிக்கக் கலைஞர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. ஆனால் கண்காட்சி முடிந்துபோகும். அறை கொடுத்து, பதினொரு மாதம் கூட நின்று, ஐம்பது வருடத்துக்கு மேல் அதையே செய்வது வேறு.

உங்கள் மகளைக் கோலத்தை விடச் சொல்லாதீர்கள்.

*

நான் 2024 கடைசியில் ஏழு வயது மகளோடு பி.எஸ்.1 போனேன். மால்கம் பீகாக் என்பவர் ஒரு மரம் செய்திருந்தார். செம்மரம் என்றால் நம் ஊர்ச் செம்மரம் அல்ல, கலிஃபோர்னியாவின் ரெட்வுட். அவ்வளவு பெரிய அடிமரம், பட்டை முழுக்கச் சவுரி! செயற்கை முடியைக் கையாலேயே பின்னி, ஆயிரக்கணக்கான சடைகளை நெருக்கி நெருக்கிப் பதித்திருக்கிறார். சுற்றி வந்தோம். மகள் தன் சடையை முன்னால் எடுத்துப் போட்டு அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "இதையெல்லாம் யார் பின்னினாங்க?" என்றாள். அவர்தான் என்றேன். "கை வலிச்சிருக்குமே" என்றாள்.

காவலுக்கு நின்ற கறுப்பினப் பெண்மணி அதைக் கவனித்திருக்கிறார். தமிழ் தெரியாதுதான், ஆனால் குழந்தை தன் விரல்களை மடக்கிக் காட்டியதும் புரிந்துவிட்டது. குனிந்து, தன் தலையில் இருந்த மெல்லிய சடைகளைக் காட்டி, ஆறு மணி நேரம் ஆனது என்று விரலில் எண்ணிக் காட்டினார். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, அசைந்தால் சீப்பால் ஒரு தட்டு.

*

எல்லோருக்கும் நன்றி. சடையைப் பற்றி எழுதிய தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி, இரண்டு தடவை படித்தேன்.

ஸ்டுடியோ மியூசியத்தின் புதுக் கட்டடம் 2025 நவம்பரில் 125ஆம் தெருவிலேயே திறந்துவிட்டது. வாசலில் டேவிட் ஹேமன்ஸ் செய்த, சிவப்பு, கறுப்பு, பச்சை நிற அமெரிக்கக் கொடி பறக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஹார்லெம் வீட்டுத் திண்ணை மாதிரி அகலப் படிகள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். 1968இல் முதல் கண்காட்சி டாம் லாயிட் என்பவரின் மின்விளக்குப் படைப்புகள். புதுக் கட்டடத்தையும் அவரோடுதான் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜூனில் அப்பா வருகிறார். அழைத்துப் போகிறேன். அம்மா, உங்கள் மகளும் வருவாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். நாங்கள் காலையிலேயே கிளம்பிவிடுவோம்.