பத்தாவது வாரத்திலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துகொண்டால் என்ன தப்பு?

கேட்பவர்: கொங்குத்தம்பி
மனைவிக்கு 37 வயது, இப்போது 12ஆம் வாரம். வயதைப் பார்த்து டாக்டர் என்ஐபிடி (தாயின் ரத்தத்தை வைத்தே குழந்தையின் குரோமோசோம் குறைகளைப் பார்ப்பது) ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். டவுன் சிண்ட்ரோம் பயம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, ஆனால் ஆணா பெண்ணா என்பது மட்டும் அதில் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே எல்லோரும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், ரத்தத்தை அனுப்பிவை என்கிறார். ஏற்கெனவே ஒரு மகள். கலைக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை, தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

ஸ்கேன்ரூம்
கேட்பதே குற்றம் சார். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். ஒருமுறை ஒரு பாட்டி ஐநூறு ரூபாய்த் தாளை மடித்து ரெஜிஸ்டருக்கு அடியில் செருகிவிட்டு, "என்னன்னு மட்டும் சொல்லு கண்ணு" என்றார். பின்னால் மருமகள் வயிற்று ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை. "தெரிந்துகொள்ள மட்டும்தான்" என்றுதான் அந்தப் பாட்டியும் சொன்னார்.

மூணாவதுபொண்ணு
எங்கள் சேலத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். 2011 கணக்கெடுப்பில்கூட ஆறு வயது வரையுள்ள 1000 பையன்களுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள்தான். எனக்குப் பயமே இந்தச் சோதனையின் சீக்கிரம்தான். ஸ்கேனில் தெரிகிற காலத்துக்குள் வயிறு தெரிந்துவிடும், தெருவே விசாரிக்கும், அப்புறம் ஒன்றும் இல்லை என்றால் நாலு பேர் கேட்பார்கள். மூன்று மாசம் முடியும் வரை நாம் யாரிடமும் சொல்வதில்லையே, அந்த மூன்று மாசத்துக்குள்ளேயே தாயின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் (ஆண் குழந்தைக்கு உரியது) துணுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தாலும் கேட்க ஆளே கிடையாது.

அரவிந்த்_மதுரை
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஹீமோஃபிலியா மாதிரி பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோய் குடும்பத்தில் இருந்தால், அதற்கான பரிசோதனைக்குச் சட்டமே இடம் தருகிறது. மற்றபடி மேலே அக்கா சொன்னதுதான் என் கருத்தும்.

கொங்குத்தம்பி
மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி இதையெல்லாம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஸ்கேன் அன்றைக்கே, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று எழுதியிருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டாளாம், எனக்கு அதுவே தெரியாது. "உங்களுக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். அம்மா அவளிடம் தினமும் என்ன பேசுகிறார் என்று நேற்றுத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.