அப்பாவின் இமாட்டினிப் மாத்திரையை மாதாமாதம் வாங்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

ஆரணி தறிவீடு:
அப்பாவுக்கு சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். தனியார் மருத்துவமனையில் பார்த்து, இமாட்டினிப் 400 மி.கி. தினம் ஒன்று, விடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிய கம்பெனி மாத்திரைக்கு மாதம் ஆறாயிரத்துக்கு மேல் ஆகிறது. அப்பா பட்டு நெய்கிறவர், கூலியில் பாதி இதற்கே போகிறது. செலவைப் பார்த்து வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு வந்திருக்கிறார், இப்போதுதான் தெரிந்தது. காப்பீட்டு அட்டையும் இல்லை. அரசு மருத்துவமனையில் இது கிடைக்குமா?

மருந்துக்கடைக்காரர், வேலூர்:
தம்பி, மருத்துவர் குறைக்கச் சொல்லாதபோது அப்பாவாகக் குறைக்கக் கூடாது. இடையிடையே விட்டால் நோய் இந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம், அப்புறம் டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று வேறு மருந்துக்கு மாற வேண்டி வரும். விட்ட நாள்களுக்குச் சேர்த்து ரெண்டாகவும் போடக் கூடாது. நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவை அவர் சரியாகப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் 'இமாட்டினிப்' என்று மட்டும் எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் விலை கேளுங்கள். ஒரு காலத்தில் கிளிவெக் என்ற பெயரில் மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து இது. அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்ததால்தான் நம் கம்பெனிகள் தொடர்ந்து தயாரிக்க முடிகிறது. விலை குறைவு என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

காஞ்சிபுரம் அக்கா:
என் வீட்டுக்காரருக்கும் இதே நோய், மாத்திரை முதலமைச்சர் காப்பீட்டில்தான் வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணம் இல்லை. ஆரணியிலிருந்து பக்கம் என்றால் எங்கள் ஊர் காரைப்பேட்டை அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனைதான்.

ஆரணி தறிவீடு:
ரொம்ப நன்றி அக்கா. குடும்ப அட்டையில் அண்ணன் பெயரும் இருக்கிறது. கல்யாணமாகி ஒரகடத்தில் வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

காஞ்சிபுரம் அக்கா:
தனிக்குடித்தனம்தானே? அவருக்குத் தனி அட்டை போட்டு உங்கள் அட்டையிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள், வி.ஏ.ஓ.விடம் நிலைமையை நேராகவே சொல்லுங்கள். ஆனால் அது முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள் தம்பி! புறநோயாளிச் சீட்டுக்குக் காப்பீட்டு அட்டை வேண்டாம். எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட், பி.சி.ஆர். ரிப்போர்ட் ரெண்டின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அப்பாவைக் கூட்டிப் போங்கள், கையில் மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.