கடவுச்சொல் மேலாளர் செயலிக்கு வாராந்தரப் பயனர் ஆய்வு: சோதனையில் காட்டும் கவனம் நடைமுறையில் இல்லையே, என்ன செய்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றை உருவாக்கும் குழுவில் பயனர் ஆய்வுப் பொறுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை வடிவமைப்பாளர்களின் கேள்விகளைப் பெற்று, புதன்கிழமை ஐந்து பேரைச் சோதனைக்கு அழைத்து, வெள்ளிக்கிழமைக்குள் முடிவுகளைத் தெரிவிக்கிறோம். போலி இணையதளங்களைப் பற்றிய எச்சரிக்கைத் திரையை இவ்வாறு சோதித்தபோது, வந்தவர்கள் அனைவரும் அதை நிதானமாகப் படித்துப் பின்வாங்கினார்கள். செயலியை வெளியிட்ட பிறகோ, பெரும்பாலோர் அதைக் கடந்து சென்றுவிடுகிறார்கள். மேலும், சொந்தக் கணக்கைப் பயன்படுத்தச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள், மாதிரிக் கணக்கைக் கொடுத்தால் அலட்சியமாக இருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
அழைப்பிலேயே "பாதுகாப்புச் செயலிச் சோதனை" என்று குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மின்கட்டணம் செலுத்தவோ மின்னஞ்சல் அனுப்பவோதான் மக்கள் கணினியைத் திறக்கிறார்கள். பாதுகாப்பு அவர்களுக்கு இரண்டாம்பட்சமே என்பதைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான ஆல்மா விட்டனும் டைகரும் 1999-ஆம் ஆண்டின் ஆய்விலேயே எடுத்துக்காட்டினார்கள். ஆகவே வேறொரு வேலையைக் கொடுத்து, அதன் நடுவே எச்சரிக்கை தோன்றும்படி சோதனையை அமையுங்கள்.

ஐந்து பேர் எதற்குப் போதும் என்பதிலும் தெளிவு வேண்டும். அதே ஆய்வில், பிஜிபி 5.0 என்ற மென்பொருளைக் கொண்டு மின்னஞ்சலை மறையாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) மின்னணுக் கையொப்பமிட 12 பேருக்கு 90 நிமிடங்கள் தரப்பட்டன. மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள், மூவர் இரகசியத்தை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிட்டார்கள். ஒரு கருவியைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை இப்படிச் சிலரே காட்டிவிடுவார்கள். எச்சரிக்கையை எத்தனை பேர் மதிப்பார்கள் என்பதற்கோ வெளியீட்டுக்குப் பின் வரும் தரவுதான் சான்று. அந்தக் கேள்வியை வாராந்தரச் சோதனையில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
மாதிரிக் கணக்கைப் பற்றி நீங்கள் கவனித்தது சரியே. 2007-இல் 67 வங்கி வாடிக்கையாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், வேறொருவராக நடித்தவர்கள், சொந்தக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியவர்களைவிடக் கணிசமாகக் குறைந்த பாதுகாப்புடன் நடந்துகொண்டார்கள். எனவே அவரவர் கைப்பேசியில், அவரவரே தேர்ந்தெடுக்கும் சாதாரணக் கணக்கு ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு வேண்டவே வேண்டாம். கடவுச்சொல்லை இடும்போது திரைப்பதிவை நிறுத்திவிட்டு, நீங்களும் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அழைப்பில் நீங்கள் குறிப்பிட்ட சொற்களே இருக்கின்றன, மாற்றிவிடுகிறேன். ஆனால் எச்சரிக்கை தோன்றும் என்பதை மறைப்பது பங்கேற்பாளரை ஏமாற்றுவதாகாதா?

பதில் 2:
மறைப்பு உண்டு, ஆகையால் சந்திப்பு முடிந்தவுடனே, அவர் எழுந்து செல்வதற்கு முன், காரணத்தை முழுமையாக விளக்கி, பதிவை அழித்துவிடச் சொல்லும் வாய்ப்பையும் தந்தாக வேண்டும். அழிக்கச் சொன்னாலும் ஊக்கத்தொகை குறையாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள். நீங்கள் இந்தியாவில் ஆய்வு நடத்துவதானால், ஒப்புதலை அளிப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. வாரந்தோறும் ஆய்வு நடத்துபவர்களிடம் பதிவுகள் விரைவில் குவிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பதிவுக்கும் அழிக்கும் நாளைப் பதிவுசெய்யும்போதே குறித்துவைத்து, அறிக்கையில் குறிப்புகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.