பாய்சான் டவர் சிமுலேஷன்: 0.56 வர வேண்டிய இடத்தில் 0.637

கேள்வி:
எம்.இ. ப்ராஜெக்டுக்காக செல்போன் டவர்களைப் பாய்சான் புள்ளிகளாக (ஒன்றையொன்று சாராமல், எங்கும் ஒரே சராசரி அடர்த்தியில்) தூவி கவரேஜ், அதாவது சிக்னல்/இடையூறு விகிதம் ஒரு வரம்பைத் தாண்டும் வாய்ப்பு, கணக்கிடுகிறேன். சதுர கி.மீ.க்கு 1 டவர், பயனர் நடுவில், பாத் லாஸ் அடுக்கு 4 (சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும்), ரேலி ஃபேடிங் (சிக்னல் பலம் தற்செயலாக ஏறி இறங்குவது), நாய்ஸ் கிடையாது, மற்ற டவர்களின் இடையூறு மட்டும். ஆண்ட்ரூஸ், பச்செல்லி, கண்டி மூவரும் 2011இல் தந்த சூத்திரப்படி 0 டெசிபல் வரம்பில் (சிக்னலும் இடையூறும் சமம்) 1/(1+π/4), அதாவது 0.56 வர வேண்டும். எனக்கு 0.637. ஒரு லட்சம் தடவை ஓட்டியும் அதேதான். டவர் அடர்த்தியை 5 ஆக்கினாலும் விடை அசையவில்லை! வெள்ளிக்கிழமை ரிவ்யூ, உதவுங்கள்.

பதில் 1:
அடர்த்தி மாறியும் விடை மாறாதது பிழையே இல்லை. நாய்ஸ் இல்லாதபோது சிக்னலும் இடையூறும் ஒரே மடங்கில் கூடும், விகிதம் அப்படியே நிற்கும். எனக்கு இந்த மாடலில் மிகப் பிடித்த இடமே அதுதான். 0.637க்கு இரண்டு சந்தேகம். டவர்களைத் தூவும் வட்டம் சின்னதோ? ஒவ்வொரு டவரின் ஆரத்துக்கும் ராண்டம் எண்ணின் வர்க்கமூலம் எடுத்தீர்களா? இல்லாவிட்டால் புள்ளிகள் நடுவில் குவியும். அடர்த்தி 1 என்றால் அருகிலுள்ள டவரின் சராசரி தூரம் 0.5 கி.மீ. வர வேண்டும், அச்சிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
வர்க்கமூலம் இருக்கிறது, தூரம் 0.5 சரியாக வருகிறது. வட்டத்தை 10இலிருந்து 20 கி.மீ. ஆக்கினேன், பலனில்லை.

பதில் 2:
0.637 என்பது 2/π! அருகிலுள்ள டவரை விட்டுவிட்டு, அந்தக் கணத்தில் வலுவாகக் கேட்கும் டவரோடு இணைந்தால் வரும் துல்லியமான விடை அது. ஃபேடிங்கைப் பெருக்கிய பிறகு ஆர்க்மேக்ஸ் (மிகப் பெரிய மதிப்புள்ள டவர்) எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் தூரத்தில் ஆர்க்மின் (மிகச் சிறிய தூரமுள்ள டவர்) எடுத்து டவரை முடிவு செய்யுங்கள், ஃபேடிங் அப்புறம். நிஜ போனும் ஃபேடிங்கின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் டவர் தாவாது, சராசரி பலத்தைப் பார்த்துத்தான் மாறும்.

கேட்டவர்:
அதே வரிதான்! இப்போது 0.561. ரொம்ப நன்றி அண்ணா. அறுகோண கிரிட்டோடு ஒப்பிடச் சொன்னால்?

பதில் 2:
கிரிட் கவரேஜைக் கூட்டிக் காட்டும், பாய்சான் குறைத்துக் காட்டும். நிஜ ஊர் டவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே விழும். பழைய நிரலை அழிக்காதீர்கள் தம்பி, அதன் விடையையும் இன்னொரு கோடாக அதே படத்தில் வரையுங்கள். ஆனால் அதற்கான 2/(π√T) சூத்திரம் (T என்பது வரம்பு, 0 டெசிபல் என்றால் T = 1) 0 டெசிபலிலும் அதற்கு மேலும்தான் செல்லும், அதற்குக் கீழே சிமுலேஷன் புள்ளிகளை மட்டும் போடுங்கள்.