புதுப்பிப்பு: ஏ வகுப்பிலிருந்து ஓப்பன் வகுப்புக்கு

எங்கள் பள்ளியின் விண்டர் கார்டு குழு (உள்ளரங்கில் இசைக்கேற்பக் கொடி, மரத் துப்பாக்கி போன்றவற்றைச் சுழற்றியும் வீசிப் பிடித்தும் ஆடும் குழு) போட்டிகளில் ஏ வகுப்பிலேயே நீடிப்பதா, அதற்கு மேலுள்ள ஓப்பன் வகுப்புக்கு ஏறுவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வட்டாரப் போட்டி முடிந்ததும் போட்டிகளை நடத்தும் அமைப்பே எங்களை மேலே ஏற்றிவிட்டது. ஓப்பனின் மதிப்பெண் தாளே வேறு என்பதால் அடுத்த போட்டியில் எண்கள் சரிந்தன. பெற்றோர் சிலர் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொண்டது வருத்தந்தான். கொடி, துப்பாக்கி ஆகியவற்றைக் கையாள்வதற்கு மதிப்பெண் தரும் உபகரணத் தாளில் என்ன செய்கிறோம் என்பதற்குப் பாதி, எவ்வளவு சுத்தமாகச் செய்கிறோம் என்பதற்கு மறுபாதி. எங்களுக்கு அடி விழுந்தது முதற்பாதியில். ஆகவே, நின்றபடி பிடித்துவந்த மரத் துப்பாக்கியை மாணவிகள் இப்போது சுழன்றபடி பிடிக்கப் பழகுகிறார்கள்: கட்டை உள்ளங்கையில் அறையும் சத்தம் இரண்டாகக் கேட்டால், யாரோ ஒருத்தி பிந்திவிட்டாள் என்று பொருள். ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்கு ஓப்பன் குழுவாகவே போகிறோம்.